பழைய கோயில் ஏடுகளில் ஆங்கிலேய முன்னோரைத் தேடுவது எப்படி?

இங்கிலாந்தில் 1837 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன் பிறந்த ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசாங்கம் இன்றுள்ள முறையில் பதியத் தொடங்கியதே அன்றுதான். அதற்கு முந்தைய முந்நூறு ஆண்டுகளில் ஒரு சாதாரணக் குடியானவரோ நெசவாளியோ வீட்டுவேலை செய்த பெண்ணோ இந்த உலகத்தில் வாழ்ந்ததற்கு எழுத்தில் சாட்சி வேண்டுமென்றால், பெரும்பாலும் ஊர்க் கோயிலின், அதாவது தேவாலயத்தின், பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். ஞானஸ்நானம் பெற்ற நாள், திருமணம் நடந்த நாள், அடக்கம் செய்யப்பட்ட நாள். பலருடைய வாழ்க்கையில் மிஞ்சியிருப்பது இந்த மூன்று வரிகள்தான்.

அந்த வரிகளை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது, எப்போது நம்புவது என்று, இதில் புதிதாக இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். வம்சாவளி தேடத் தொடங்கும் பலர் பெயரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். முதலில் பிடிக்க வேண்டியது ஊரை. காரணம் எளிது: அந்தக் காலத்து இங்கிலாந்தில் புழங்கிய பெயர்கள் மிகக் குறைவு. எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் ஜான், வில்லியம், தாமஸ், மேரி, எலிசபெத், ஆன் என்றே வரிசையாக வரும். குடும்பப் பெயரும் ஸ்மித், கிளார்க் என்று பொதுவானதாக இருந்துவிட்டால், நாடு முழுக்கத் தேடுவதில் பயனே இல்லை. எந்த ஊர் என்று தெரிந்த பிறகுதான் பெயருக்கு மதிப்பு வருகிறது.

பதிவேடு பிறந்த கதை

1538 செப்டம்பரில், எட்டாம் ஹென்றி அரசரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கிலும் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். அந்த வாரம் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் குருவானவர் ஞாயிற்றுக்கிழமை அதில் எழுத வேண்டும். ஏட்டை வைக்கும் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி குருவானவரிடம், இன்னொன்று கோயில் கண்காணிப்பாளர்களிடம். எழுதத் தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். இங்கே பங்கு என்று நான் சொல்வது, ஒரு கோயிலையும் அதன் பொறுப்பில் உள்ள நிலப்பரப்பையும். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் சேகரம் என்பார்களே, ஏறக்குறைய அதுதான். பெரும்பாலும் ஒரு கிராமமும் சுற்றியுள்ள சிறு குடியிருப்புகளும் சேர்ந்து ஒரு பங்கு. இங்கிலாந்தில் இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள் இருந்தன.

ஆனால் 1538-லேயே தொடங்கும் ஏடுகள் குறைவு. முதலில் பல இடங்களில் காகிதத்தில்தான் எழுதினார்கள். அவை நைந்தும் தொலைந்தும் போயின. 1598-ல் இரண்டு ஏற்பாடுகள் வந்தன. ஒன்று, பழைய பதிவுகளைத் தோல் ஏட்டில் படியெடுக்க வேண்டும், குறிப்பாக எலிசபெத் அரசி பட்டமேறிய 1558 முதலான பதிவுகளையாவது. அதனால்தான் நிறைய ஊர்களின் ஏடு சரியாக 1558-ல் தொடங்குகிறது. இரண்டாவது ஏற்பாடு நமக்கு மிகவும் உதவுவது: ஆண்டுதோறும் அந்த வருடத்துப் பதிவுகளின் ஒரு நகலைப் பேராயருக்கு அனுப்ப வேண்டும். ஊர் ஏடு எரிந்தோ எலி தின்றோ போயிருந்தாலும் பேராயரின் நகல் தப்பியிருக்கக்கூடும். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் பாருங்கள். ஒன்றில் இல்லாத விவரம் மற்றொன்றில் இருப்பது அபூர்வமல்ல.

எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் பதிவு

ஒரு பதிவை எப்படிப் படிப்பது என்பதற்கு ஷேக்ஸ்பியரை விட நல்ல உதாரணம் இல்லை. ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரின் ஹோலி டிரினிடி கோயில் ஏட்டில் 1564 ஏப்ரல் 26-ஆம் தேதிக்கு நேராக, லத்தீனில், ஜான் ஷேக்ஸ்பியரின் மகன் வில்லியம் என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. வில்லியம் என்பது அங்கே குலியெல்மஸ். தாயின் பெயர் இல்லை. பிறந்த தேதியும் இல்லை. ஏப்ரல் 23 என்று உலகம் கொண்டாடுவது வழக்கத்தால் வந்தது. இன்று நமக்குக் கிடைக்கும் அந்தப் பக்கமும் 1564-ல் எழுதப்பட்டதல்ல, 1600 வாக்கில் தோல் ஏட்டில் எடுத்த படி.

அவருடைய திருமணம் இன்னும் அதிகம் கற்றுக்கொடுக்கிறது. திருமணம் நடந்த கோயிலின் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. கிடைப்பது வூஸ்டர் பேராயர் அலுவலகத்தின் ஆவணங்கள். 1582 நவம்பர் 27-ஆம் தேதித் திருமண உரிமக் குறிப்பில் மணமகள் டெம்பிள் கிராஃப்டன் ஊரைச் சேர்ந்த ஆன் வேட்லி. மறுநாள் எழுதிய பிணைப் பத்திரத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆன் ஹாத்வே. இரண்டு பெண்களா, எழுத்தர் தவறா என்று ஏராளமாக எழுதித் தள்ளிவிட்டார்கள். எழுத்தரின் கைப்பிழை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. மூத்த மகள் சுசானாவின் ஞானஸ்நானம் 1583 மே 26, அதாவது ஆறே மாதத்தில். இதற்கு முகம் சுளிக்க வேண்டாம். மணமகள் கருவுற்ற நிலையில் நடந்த திருமணங்கள் அன்றைய இங்கிலாந்தில் சகஜம். குழந்தையின் ஞானஸ்நானத்திலிருந்து பின்னோக்கித் திருமணத்தைத் தேடும்போது, சில மாதங்களுக்கு முன்பு வரை நடந்திருக்கலாம் என்று இடம் கொடுத்துத்தான் தேட வேண்டும்.

பின்னோக்கி, ஒவ்வொரு படியாக

முன்னோரைத் தேடுவது எப்போதும் தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கித்தான். 1600-ல் வாழ்ந்த ஒரு பிரபலத்திலிருந்து இறங்கி வந்து நம் குடும்பத்தோடு முடிச்சுப் போடும் ஆசை பலருக்கு உண்டு. அந்த வழியில் போனால் கட்டுக்கதைதான் மிஞ்சும்.

1837-க்குப் பிந்தைய சான்றிதழ்களும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் முதல் ஏணி. திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும். கணக்கெடுப்புகளில் 1851-ஐக் கட்டாயம் பாருங்கள். பிறந்த பங்கின் பெயர் அதில்தான் முதன்முதலாக வருகிறது. 1841-ல் அதே மாவட்டத்தில் பிறந்தாரா இல்லையா என்று மட்டும் கேட்டார்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதையும் ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் அதில் 30 ஆகிவிடுவார்.

ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். 1851 மார்ச் 30-ஆம் தேதிக் கணக்கெடுப்பில் தாமஸ் கிளார்க், வயது 42, பிறந்த ஊர் சஃபோக் மாவட்டத்து லாவன்ஹாம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவர் பிறந்தது 1808 அல்லது 1809. ஆனால் வயதைத் துல்லியமாக அறியாதவர்கள் அப்போது ஏராளம். அதோடு ஞானஸ்நானம் சில ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கலாம். ஆகவே 1804 முதல் 1815 வரை லாவன்ஹாம் ஏட்டைப் பார்க்கிறோம். இரண்டு தாமஸ் கிளார்க் அகப்படுகிறார்கள். ஒருவர் 1808-ல் ஜான், மேரி தம்பதியின் மகன். மற்றவர் 1809-ல் வில்லியம், சாரா தம்பதியின் மகன். எவர் நம் தாமஸ்?

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் பிடித்தமான ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறார்கள். போகக்கூடாது. அடக்கப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். 1810-ல், வில்லியம், சாரா தம்பதியின் மகன் தாமஸ், குழந்தை என்று ஒரு வரி அங்கே இருந்தால், இரண்டாமவர் விலகிவிடுகிறார். இறந்துபோன குழந்தை வளர்ந்து, மணமுடித்து, பேரப்பிள்ளைகளும் எடுத்ததாகச் சொல்லும் வம்ச விருட்சங்கள் இணையத்தில் கணக்கில்லாமல் உண்டு. எல்லாம் அடக்கப் பதிவேட்டைப் பார்க்காததால் வந்த வினை. அடக்கம் எதுவும் கிடைக்காவிட்டால், இரண்டு தாமஸ்களையும் தனித்தனியே பின்தொடர வேண்டும்: யார் யாரை மணந்தார், என்ன தொழில், பிள்ளைகளுக்கு என்ன பெயர். தாத்தா பாட்டி பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் பழக்கம் அங்கும் பரவலாக உண்டு. அது தீர்ப்பாகாது, ஆனாலும் நல்ல துப்பு.

அடக்க ஏட்டைப் புரட்டும்போது இன்னொன்றும் தெரிய வரும். மூன்று வயது ஜான் அடக்கம். அடுத்த ஆண்டு அதே பெற்றோருக்கு ஞானஸ்நானம் பெறும் குழந்தையின் பெயரும் ஜான். இறந்த குழந்தையின் பெயரைப் பின்னால் பிறந்த குழந்தைக்கு வைப்பது அன்று மிகச் சாதாரணம். ஒரே வீட்டில் இரண்டு ஜான் கண்டால் முதலாமவருக்கு அடக்கப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கங்களில் குழந்தைகளின் பெயர்கள்தான் எவ்வளவு! வேகமாகப் புரட்ட மனம் வராது.

அடுத்த படி, பெற்றோரின் திருமணம். மூத்த பிள்ளையின் ஞானஸ்நானத்திலிருந்து பின்னோக்கித் தேடுங்கள். அந்த ஊரில் கிடைக்காவிட்டால் கலங்க வேண்டாம். திருமணம் பெரும்பாலும் மணமகளின் ஊர்க் கோயிலில் நடக்கும். அது பக்கத்து ஊராகவோ சந்தை கூடும் நகரமாகவோ இருக்கும். வரைபடத்தை விரித்து, ஒரு நாளில் நடந்து போகும் தொலைவில் உள்ள பங்குகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெயர் பொருந்துகிறது என்பதற்காக 200 மைலுக்கு அப்பால் உள்ள பதிவை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தக் காலத்து ஏட்டில் என்ன இருக்கும்

1753-ல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த திருமணச் சட்டம் 1754 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. அதன்பின் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தோ (திருமண அறிவிப்பைக் கோயிலில் படிப்பதுதான் ஓலை) உரிமம் பெற்றோ இங்கிலாந்துத் திருச்சபையின் கோயிலில் நடந்தால்தான் திருமணம் செல்லும். யூதர்களுக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் மட்டும் விலக்கு. கத்தோலிக்கர்களும் மற்றச் சபையாரும் கூட இந்தக் கோயில்களுக்கே வந்து மணமுடிக்க வேண்டியிருந்தது. அது அவர்களுக்கு வருத்தம்தான், ஆனால் அதனால் அவர்கள் திருமணங்களும் நம் கைக்குக் கிடைக்கின்றன. இந்தப் புதிய ஏடுகளில் மணமக்களின் ஊர், ஓலையா உரிமமா என்ற விவரம், இருவரின் கையெழுத்து அல்லது சிலுவைக் குறி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து எல்லாம் இருக்கும். சாட்சிகளைக் கவனியுங்கள். பல சமயம் அண்ணனோ தங்கையோ அங்கே நிற்பார்கள். ஆனால் 1837 வரை தந்தை பெயரை எழுதும் வழக்கம் இல்லை. ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குத் தாண்டுவது கடினமாவது இதனால்தான்.

பெண்வழியில் தேடுபவர்களுக்கு இரட்டைச் சிரமம். ஞானஸ்நானப் பதிவில் பெரும்பாலும் தாயின் முதற்பெயர் மட்டுமே இருக்கும், அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்காது. அதற்குத் திருமணப் பதிவுதான் ஒரே கதவு. மணமகள் விதவை என்று போட்டிருந்தால், அங்கே எழுதியிருக்கும் குடும்பப் பெயர் முதல் கணவனுடையது. இன்னொரு திருமணத்தையும் தேடிப் போக வேண்டும்.

1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள், ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. அந்தக் காலத்தில் பிள்ளையின் ஞானஸ்நானம் கிடைக்காவிட்டால், வரி நீங்கிய பிறகு ஒருமுறை பாருங்கள். அண்ணன் தம்பி எல்லோருக்கும் ஒரே நாளில் நடந்திருக்கக்கூடும்.

1813 ஜனவரி 1 முதல் அச்சிட்ட படிவம் வந்தது. பெற்றோர் பெயர், இருப்பிடம், தந்தையின் தொழில் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அடக்கப் படிவத்தில் வயதும் உண்டு. தொடக்கநிலையில் இருப்பவர்கள் இந்த ஏடுகளில் பழகிவிட்டு அப்புறம் பின்னால் போவது நல்லது. தந்தை பெயர் இல்லாமல் தாய் பெயர் மட்டும் இருந்தால், மணமாகாத தாயின் பிள்ளை என்று பொருள். அதோடு தேடல் முடிந்துவிடாது. பிள்ளையைக் காப்பாற்றும் செலவு ஊர் தலையில் விழாமலிருக்க, தந்தை யார் என்று ஊர் அதிகாரிகள் விசாரித்துப் பிணை எழுதி வாங்கினார்கள். அந்தக் காகிதங்கள் கோயில் பெட்டியிலேயே தங்கி, இன்று ஆவணக் காப்பகங்களுக்கு வந்திருக்கின்றன. 1662-ல் வந்த குடியிருப்புச் சட்டத்தின்படி, எந்த ஊர் பராமரிக்க வேண்டும் என்று தீர்மானிக்க வறியவர்களை விசாரித்த வாக்குமூலங்களும் அப்படித்தான். எங்கே பிறந்தேன், யாரிடம் வேலை செய்தேன், எப்போது மணந்தேன் என்று ஒரு கூலித்தொழிலாளி தானே சொல்லி எழுதப்பட்ட தாள் கிடைத்தால் அதை விடப் பெரிய பாக்கியம் இல்லை. பணக்காரர்களுக்குக் கூட அப்படி ஒன்று கிடைக்காது.

தேதியும் கையெழுத்தும்

1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-ஆம் தேதி. நமக்குச் சித்திரையில் புத்தாண்டு போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே 1720 டிசம்பருக்குப் பிறகு வரும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை எல்லாம் 1720-தான். 1720 மே மாதம் திருமணம், 1720 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று பார்த்துத் திடுக்கிட வேண்டாம். அது நம் கணக்கில் 1721 பிப்ரவரி. திருமணமாகி ஒன்பது மாதம். ஷேக்ஸ்பியரின் இரட்டைக் குழந்தைகளின் ஞானஸ்நானமும் ஏட்டில் 1584 பிப்ரவரி 2. நாம் எழுதுவது 1585. குழப்பம் வராமலிருக்க 1720/21 என்று இரண்டையும் எழுதி வையுங்கள். 1752-ல் செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது என்பதையும் நினைவில் வையுங்கள்.

லத்தீன் 1733 வரை ஆங்காங்கே வரும். பயப்படத் தேவையில்லை, பத்திருபது சொற்கள் போதும். ஃபிலியுஸ் மகன், ஃபிலியா மகள், உக்ஸோர் மனைவி. யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ், கரோலுஸ் என்றால் சார்லஸ்.

1650-க்கு முந்தைய கையெழுத்து வேறு விஷயம். எழுத்துகளின் வடிவமே மாறியிருக்கும். சி எழுத்து ஆர் போலவும் எஸ் எழுத்து எஃப் போலவும் தெரியும். ஒரே எழுத்தர் எழுதிய பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த மாதப் பெயர்களையும் ஜான், மேரி போன்றவற்றையும் முதலில் படித்து, அவருடைய எழுத்து வடிவங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு, பிறகு தெரியாத பெயருக்குப் போங்கள். குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலில் பிடிவாதம் வேண்டாம். குருவானவர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே ஆளின் பெயரே மூன்று விதமாக வரும்.

1642-ல் மூண்ட உள்நாட்டுப் போர்க் காலத்தில் பல ஏடுகளில் பக்கங்கள் காலி. 1653-க்குப் பின் சில ஆண்டுகள் திருமணங்களை நீதிபதிகள் நடத்தினார்கள். சந்தைநாளில் சந்தைவெளியில் அறிவிப்பதும் செல்லுபடியானது. அந்த இருபது ஆண்டுகளில் தேடல் நின்றுபோனால் குற்றம் உங்களுடையதல்ல. உயில்களைப் பார்க்கப் போங்கள்.

எங்கே பார்ப்பது

நூறு ஆண்டு கடந்த ஏடுகள் இன்று பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. வீட்டிலிருந்தே தேட, ஃபேமிலிசர்ச் இலவசம், கணக்குத் தொடங்கினால் போதும். தன்னார்வலர்கள் படியெடுத்துத் தரும் ஃப்ரீரெக்கும் இலவசம். ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் இரண்டும் கட்டணத் தளங்கள். எந்த மாவட்டத்து ஏடு எந்தத் தளத்தில் என்று முதலில் விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பங்குகளின் எல்லை, அக்கம்பக்கத்து ஊர்கள் ஆகியவற்றுக்கு ஜென்யூகி தளம் மிக உதவும்.

ஒன்றை மட்டும் விடாமல் சொல்வேன். அட்டவணையில் பெயர் கிடைத்ததும் நிறுத்தாதீர்கள். ஏட்டின் படத்தைத் திறந்து கண்ணால் படியுங்கள். அட்டவணை எடுத்தவர் விட்டுப்போன ஊர்ப்பெயர், ஓரத்தில் குருவானவர் கிறுக்கிய குறிப்பு, அடுத்த வரியில் இருக்கும் உறவினர், எல்லாம் படத்தில்தான் தெரியும். தேடியும் கிடைக்காத ஏடுகளையும் குறித்து வையுங்கள், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை பார்த்தீர்கள் என்பதோடு.

முன்னோர் எந்தச் சபை என்பதும் முக்கியம். பாப்திஸ்து, மெதடிஸ்து போன்ற சபைகளின் ஏடுகளை 1837-க்குப் பிறகு அரசு கேட்டு வாங்கியது. அவை இப்போது லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஞானஸ்நானம் எங்கும் கிடைக்காத குடும்பம் அங்கே கிடைக்கலாம்.

சென்னையிலும் இந்தத் தேடலுக்கு ஒரு வாசல் இருக்கிறது. ஜார்ஜ் கோட்டையின் புனித மரியாள் கோயில் 1680-ல் திறக்கப்பட்டது. பின்னாளில் சென்னை ஆளுநரான எலிஹு யேல் அந்த ஆண்டிலேயே அங்கே மணந்தார், ராபர்ட் கிளைவ் 1753 பிப்ரவரி 18-ல். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்களை லண்டனுக்கு அனுப்பியது. 1698 முதலான அந்த நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற குறியீட்டில் உள்ளன. படங்கள் ஃபைண்ட்மைபாஸ்டில் கிடைக்கும். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தங்கள் தேடலை அங்கிருந்து தொடங்கலாம். சென்னைப் பதிவில் மணமகன் கம்பெனிப் படைவீரர் என்று இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது கம்பெனியின் ஆட்சேர்ப்புப் பதிவுகள். அவர் பிறந்த ஊர் அங்கே குறிக்கப்பட்டிருந்தால், இங்கிலாந்தில் எந்தப் பங்கின் ஏட்டைத் திறக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.